ராக்காயி கழுவிய பலகை

என் பெயர் முனாப். தோட்டத்து ஆட்கள் என்னை அண்ணன் என்கிற பொருளில் நானா என்று கூப்பிடுவார்கள். கினிகத்தேனை டவுனில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். என் கைவேலையை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் ராக்காயியின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால் என் வேலையைத்தான் முதலில் திட்ட வேண்டியிருக்கிறது.

ராக்காயி பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டத்து லயமொன்றில், வரிசை வீட்டில், பிறந்தவள். திம்புள்ளைத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டு இருபது வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தாள். பிள்ளை இல்லை. புருஷன் இளவயதிலேயே செத்துப்போனான். ஒரு மழைநாளில் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் வழுக்கி விழுந்ததில் வலது முழங்கால் போயிற்று. அதோடு மலை ஏறுவதும் நின்றது. பழைய துரை பங்களாவில் பாத்திரம் கழுவ ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நொண்டிக்கொண்டே போய் நின்றாள். பதினான்கு வருஷம் அங்கேயே இருந்தாள். பின்பக்கத்தில் படுக்க ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். இந்த வேலை போனால் மறுபடி மலைதான் என்பது அவளுக்கும் தெரியும், பங்களாவில் எல்லோருக்கும் தெரியும்.

பங்களாவில் இப்போது துரை என்று யாரும் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் வந்து இரண்டு நாள் தங்கி, தேநீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சமையலறை மேடை பழைய சிமெந்து மேடை. வெள்ளிக்கிழமை காலையில் ராக்காயி மஞ்சள் கரைத்த தண்ணீரை வாளி வாளியாக அதன்மேல் ஊற்றித் தேய்த்துக் கழுவுவாள். அதன் பிறகுதான் அடுப்பு. லயத்து ஒற்றையறைக் காம்பராவில் அவள் அம்மா அப்படித்தான் செய்தாளாம். முந்தின நாள் இறைச்சி வெட்டிய இடத்தைக் கழுவாமல் தீ மூட்ட அவளுக்கு மனம் வராது. அம்மன் இங்கே சாப்பிட வரப்போகிறதா என்று சமையல்காரர் இராமையா கிண்டலடிப்பார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள்.

போன வருஷம் மேனேஜர் கஜேந்திரன் அந்தச் சிமெந்தை உடைத்துவிட்டு மரத்தில் மேடை வேண்டும் என்றார். வருகிறவர்களுக்கு மரம்தான் பிடிக்கிறதாம். நான் நல்ல பலாப் பலகையாகப் பார்த்து ஒட்டிச் செய்தேன். மர மேடைக்கு எண்ணெய்தான் குடை. மேலே, கீழே, சிங்க் வைக்க வெட்டிய ஓரத்தில், எல்லா இடத்திலும் லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெய் மூன்று தடவை பூச வேண்டும். ஒவ்வொரு பூச்சும் ஒரு நாளாவது காய வேண்டும். மேனேஜரோ தங்க ஆட்கள் வருகிறார்கள் என்று அவசரப்படுத்தினார். மேல்பக்கம் மூன்று பூச்சும் பூசினேன். அடிப்பக்கத்தை விட்டுவிட்டேன். வெட்டிய ஓரத்தில் பேருக்குத் துணியால் ஒரு தடவு தடவினேன். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று நினைத்தேன். முப்பது வருஷத் தச்சன் நினைக்கிற நினைப்பா அது?

தண்ணீர் ஊற்றக்கூடாது, சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், மாதம் ஒரு தரம் எண்ணெய் பூச வேண்டும் என்று எல்லாவற்றையும் ஆபீசில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே மேனேஜரிடம் சொன்னேன். அவர் அதை இங்கிலீஷில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சிங்க்குக்கு மேலே ஒட்டினார். நான் புறப்படும்போது ராக்காயி வாளியும் கையுமாகச் சமையலறை வாசலில் நின்றாள். மேடை கண்ணாடி மாதிரி மின்னுகிறது நானா என்று மெச்சினாள். அந்த மெச்சலில் குளிர்ந்துபோய் வண்டி ஏறிவிட்டேன்.

ஐந்தாவது மாதம் போன் வந்தது. போய்ப் பார்த்தால் சிங்க்கைச் சுற்றி மரம் கறுத்துக் கிடந்தது. நடு ஒட்டு வாய் பிளந்திருந்தது. ஓரம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அடியில் கைவிட்டேன். நகம் உள்ளே இறங்கியது. மேலிருந்து வழிந்த தண்ணீரை அடிப்பக்கமும் வெட்டிய ஓரமும் குடித்திருந்தன. நான் ஒழுங்காக எண்ணெய் பூசியிருந்தால் வாளித் தண்ணீரைக்கூடக் கொஞ்ச காலம் தாங்கியிருக்கும்.

கஜேந்திரன் என்னைத்தான் கேட்டார். "தண்ணியாலதானே?"

"தண்ணிதான் சேர்" என்றேன். பொய் இல்லை. மீதியை முழுங்கிவிட்டேன்.

ராக்காயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "நாந்தாங்க ஊத்துனேன். வெள்ளிக்கெழம கழுவணும்ல." அவர் சுவரில் இருந்த தாளைக் காட்டினார். அவள் அதை அண்ணாந்து பார்த்தாள். "அதையுந்தாங்க தெனம் தொடச்சு வச்சேன்" என்றாள்.

மாதக் கடைசியோடு அவளை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்கள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். என் பட்டறைப் பெயர் கெட்டுவிடும் என்று பயம். பெரிய பட்டறை! பழுதான பலகையைக் கழற்றப் போன அன்றுதான் அவளும் துணிமூட்டையோடு புறப்பட்டாள். என்னிடம் வந்து நின்றாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஈரம் ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தீங்கன்னா நான் ஊத்திருக்கவே மாட்டேனே நானா."

நான் ஆணியைப் பிடுங்கிக்கொண்டே இருந்தேன்.

இப்போது அவள் பூண்டுலோயாவில் தங்கை வீட்டில் இருக்கிறாளாம். கொந்தராத்துக்கு, செய்த வேலைக்கு மட்டும் கூலி என்று, புல் பிடுங்கப் போகிறாளாம். நிற்க முடியாததால் சரிவில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து பிடுங்குகிறாள் என்று இராமையா சொன்னார். ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்வது?

புது மேடைக்கு அடியிலும் ஓரத்திலும் மூன்று பூச்சுப் பூசி, நாலு நாள் காயவைத்துத்தான் பொருத்தினேன். ராக்காயியின் இடத்துக்கு நாகலெட்சுமி என்று ஒரு பெண் வந்திருந்தாள். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றாதே, சிந்தினால் காய்ந்த துணியால் உடனே துடை, மாதம் ஒரு தரம் எண்ணெய் பூசு என்று சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இம்புட்டுத்தானா நானா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.