கேட்காத சத்தத்துக்கு அமுக்கிய பொத்தான்

காது கேட்பதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்களில் சிலருக்கு என்னைத் தெரியும். பெயரும் முகமும் தெரியாது. ஒரு வரைபடத்தில் மற்ற புள்ளிகளோடு சேராமல், கல்யாண வீட்டில் வாசலோடு நின்றுவிட்ட விருந்தாளியைப்போல ஓரமாக ஒரு புள்ளி இருக்கும். அது நான்தான். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இதுவே அதிகம்.

தொண்ணூறுகளில், வங்காளத் தலைநகரில் தமிழர்கள் அதிகம் இருந்த லேக் மார்க்கெட் பகுதியில் என் மாமாவின் காப்பித்தூள் கடையில், அரைக்கும் மெஷின் பக்கத்தில் நிற்பது என் வேலை. அது ஓடும்போது யார் பேசினாலும் காதில் விழாது. திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம். தலையை ஆட்டிவிடுவேன். சிக்கரியே கூடாது என்றவர் வீட்டுக்குச் சிக்கரி கலந்தது போகும்.

“ஊசிக்குக்கூடக் காது இருக்குடா, உனக்குத்தான் இல்ல” என்பார் மாமா, கடையில் ஆள் இருக்கும்போதே. அதற்கும் தலையாட்டுவேன்.

எங்களிடம் வழக்கமாகத் தூள் வாங்கும் அம்மாள் ஒருவர் பக்கத்தில் டாக்குரியாவில் இருந்தார். துறைமுக வேலைக்கு மாற்றலாகி வந்தவரின் பெண். சால்ட் லேக்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. டாக்டர் என்று தெரிந்ததும் மாமா தன் இடது காதை நீட்டினார்.

“நான் ஊசி போடற டாக்டர் இல்ல மாமா. காது எப்படிக் கேக்குதுன்னு ஆராய்ச்சி பண்றவ.”

“கேக்கலேன்னா?”

“அதையும் ஆராய்ச்சி பண்ணுவேன்.”

“அப்ப சம்பளம் எதுக்குக் குடுக்கறா?”

சோதனைக்கு வங்காளிகள் நிறையக் கிடைத்தார்கள், தமிழ் கேட்கத்தான் ஆள் போதவில்லை. என்னிடம் கேட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தலையாட்டினேன். கடை விடுமுறை நாளில் பஸ் ஏறும்போதுதான் எதற்குப் போகிறோம் என்று மாமாவிடம் விசாரித்துக்கொண்டேன்.

கனத்த கதவு போட்ட சின்ன அறை. காதில் ஹெட்போன், கையில் பொத்தான், எதிரே கண்ணாடி, அதற்கு அப்பால் அவர். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் நன்றாகக் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. ஒரு பெண்மணி அந்தப் பக்கம் அத்தனை குமிழ்களைத் திருகிக்கொண்டிருக்கும்போது, நான் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு மரியாதையாகப் படவில்லை. அவ்வப்போது அமுக்கி வைத்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தார். “நான் சத்தமே போடலையே. எதுக்கு அமுக்கினீங்க?”

“போட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“கேட்டுதா?”

“கேக்கல. ஆனா நீங்க அங்க கஷ்டப்படறச்சே…”

என்னை அத்தோடு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரம் கடைக்கு வந்து, தூள் வாங்கிய பிறகும் போகாமல், நான் தலையாட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவரை எவ்வளவு மெல்லிய ஒலி காதுக்கு எட்டும் என்று அளந்துகொண்டிருந்தவர், இரைச்சலில் கேட்காததை எத்தனை பேர் கேட்டதாக ஒப்புக்கொள்கிறார்கள் என்று அளக்க ஆரம்பித்தார். டிராம் சத்தம், கண்டக்டர் பஸ்ஸைத் தட்டும் சத்தம், எங்கள் மெஷின் எல்லாவற்றையும் பதிவு செய்து, அவற்றின் மேல் தமிழும் வங்காளமும் பேசவைத்தார். சில இடங்களில் பேச்சே இருக்காது. வந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயும் கொஞ்சம் அமுக்கினார்கள். நான் தாராளமாக அமுக்கினேன். வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்தது அது ஒன்றில்தான்.

சில வருஷம் கழித்து அவர் எழுதிய கட்டுரை வெளிநாட்டு ஆய்வுப் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. ஓரத்துப் புள்ளி, விதி புரியாமல் ஒருவர் செய்ததாக இருக்கலாம், அந்த ஆளை மறுபடி சோதியுங்கள் என்றிருந்தார்களாம். வரைபடத்தில் அவர் போட்ட கோடு என் மேல்தான் சாய்ந்து நின்றது. நான் விழுந்தால் கட்டுரை விழும், ஆய்வுக்கு வரும் பணமும் நிற்கும். இதையெல்லாம் முன்கூட்டி என்னிடம் சொல்லக்கூடாது என்பது சோதனை முறை. “வழக்கம்போல பண்ணுங்க, போதும்” என்று மட்டும் சொன்னார்.

மறுபடி கூப்பிட்டதால், திருந்துவதற்கு வாய்ப்புத் தருகிறார் என்று நான் புரிந்துகொண்டேன். வீட்டிலேயே பயிற்சியை ஆரம்பித்தேன். சாதம் போடட்டுமா என்று மனைவி கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தும், “என்ன?” என்றேன். அவள் இரண்டாம் முறை கேட்கவில்லை. பசியோடு எழுந்தேன்.

அறைக்குள் விரலைப் பொத்தானில் படாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நிசப்தம் நீண்டது. கண்ணாடிக்கு அப்பால் அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பாவம், எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறார் என்று தோன்றியதுதான் தெரியும். விரல் அமுக்கிவிட்டது. பிறகு இன்னொரு தடவை. பிறகு நான் கணக்கே பார்க்கவில்லை.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். “மன்னிச்சிடுங்கோ. எல்லாத்தையும் கெடுத்துட்டேன்.”

அவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். “கெடுக்கவா? நீங்க மட்டும் திருந்தியிருந்தா நான் கடையக் கட்டிண்டு போயிருக்கணும்!” அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

கட்டுரை வெளிவந்தது. வேறு ஊர்க்காரர்கள் அதைச் சொல்லித் தங்கள் கட்டுரைகளை எழுதினார்கள். காது சோதிக்கும் சில இடங்களில், “கேட்டுதா?” என்பதை விட்டு, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்களாம். மாமாவும் மெஷினை நிறுத்திவிட்டுத்தான் ஆர்டர் வாங்க வேண்டும் என்று விதி போட்டார். “இதுக்கா இத்தனை வருஷம் படிச்சா? நானே சொல்லியிருப்பேனே!”

அந்த அம்மாள் ஓய்வு பெறும் சமயம் ஒருநாள் கடைக்கு வந்து, மெஷின் ஓடும்போதே ஏதோ சொன்னார். மெஷினை நிறுத்தும் விதி ஆர்டருக்குத்தானே என்று தலையாட்டினேன். பிரிவுபசார விழா மேடையில் நான் இரண்டு வார்த்தை பேசச் சம்மதித்துவிட்டதாக அழைப்போடு தகவல் வந்தது.

“மெஷின் ஓடறச்சே ஏன் கேட்டேள்?” என்றேன்.

“நிறுத்திட்டுக் கேட்டா ஒத்துண்டிருப்பேளா?”

சால்ட் லேக்கில், மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று, என்னவோ பேசினேன். என் குரல் எனக்கே எட்டவில்லை. படித்தவர்கள் நிறைந்த கூடம், வரிசை வரிசையாக, அன்போடு தலையாட்டியது. முன் வரிசையில் அவர் மட்டும் தலையாட்டவில்லை. கையைக் காதருகே குவித்து, “கேக்கல!” என்றார்.