கம்பைலரை மாற்றிய வாரம்

டெஸ்டிங் அக்காவின் மணிக்கட்டில் எப்போதும் ஒரு நீலப் பட்டை இருக்கும். உடம்பில் தேங்கும் மின்சாரம் சர்க்யூட் போர்டைத் தாக்காமலிருக்க, அதை மாட்டி மேசையோடு இணைத்துக்கொண்டுதான் எதையும் தொட வேண்டும். ஒரகடத்தில், பேருந்து ஓட்டுநர்களின் முன்னால் பொருத்தும் திரைகளைச் செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. அந்தத் திரைக்குள் ஓடும் இயங்குதளத்தின் அடிப்படை நிரலான கெர்னலைத் தயார் செய்வது என் வேலை. அதைப் போர்டில் ஏற்றிச் சோதிப்பது அவர் வேலை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் மூன்று பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். என்னைவிட மூத்தவர்தான், ஆனாலும் என்னை மேடம் என்பார்.

நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர். எங்கள் கெர்னலும் பழையது, கம்பைலரும் பழையது. புதிய பதிப்பு இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைத்து, ஒரு திங்கட்கிழமை கம்பைலரை மட்டும் மாற்றினேன். இந்தக் கெர்னலுக்கு எந்தப் பதிப்பு ஒத்துவரும் என்று போர்டு கொடுத்தவர்களின் குறிப்பில் இருந்தது. அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிழை எதுவும் காட்டாமல் கெர்னல் தயாரானது. யாரிடமும் சொல்லாமல் ஃபைலை டெஸ்டிங்குக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பத்துப் போர்டுக்கு மூன்று, ஓட ஆரம்பித்த சில நிமிடங்களில் அப்படியே உறைந்து நின்றன. "அந்தம்மா பட்டை மாட்டாம தொட்டுக்கீது மேடம், அதான் போர்டு பூட்ச்சு" என்றார் சூப்பர்வைசர். நானும் தலையாட்டினேன். அக்காவுக்கு மெமோ கொடுத்து, பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒப்பந்த வேலை, இன்னொரு மெமோ வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், உறைந்துபோன போர்டு ஒன்றோடு என் மேசைக்கு வந்தார். "இதுல போன வாரத்து ஃபைல ஏத்திப் பாத்தேன் மேடம். இப்பம் ஒழுங்கா ஓடுது. நான் தொட்டுச் செத்துப்போன போர்டுன்னா, திரும்ப எப்படி ஓடும்?"

போர்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு, அதே கெர்னலைப் பழைய கம்பைலரில் மறுபடி தயார் செய்தேன். நின்றுபோன போர்டுகள் எல்லாமே ஓடின. தவறு என்னுடையது என்று தெரிந்த பிறகும், அரை மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை. பிறகுதான் சூப்பர்வைசரிடம் போய், அக்காவையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னேன். மெமோவைக் கிழித்தார்கள். எனக்குக் கிடைத்த திட்டு ஒன்றும் பெரிதில்லை.

இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். ஒவ்வொரு கெர்னலோடும் கம்பைலரின் பதிப்பை எழுதி அனுப்புவதைப் பார்த்து, ரொம்பக் கவனமானவள் என்கிறார்கள். மெமோவைக் கிழித்த அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"பட்டை மாட்டிருந்தேன்னு எனக்கு நல்லாத் தெரியும் மேடம்" என்றார். "ஆனாலும் ரெண்டு நாளா, சோத்துல கை வைக்கும்போதெல்லாம் இந்தக் கையவே பாத்துக்கிட்டு இருந்தேன்."