படகுக்குச் சில்லு இல்லை

படகுத்துறையில் இப்போது நிற்பது நாலு பேர்: அக்கா, அத்தான், கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து அவர்களைப் பார்க்க அமெரிக்கா வந்த நான், படகுக்காரர். சுற்றிலும் பாலைவனம், நடுவில் பச்சையாய் ஓர் ஆறு. படகை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தாயிற்று. எனக்கோ நீந்தத் தெரியாது. எங்கள் பக்கம் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சையை, சக்கரத்தின் கீழ் வைத்து நசிக்காமல் ஓட்டோகூட முதல் ஓட்டம் போகாது. அதனால் கையோடு இரண்டு கொண்டுவந்திருக்கிறேன்.

"அத்தான், இதுக்குச் சில்லு எங்க?"

"படகுக்கு எங்கையடா சில்லு? பேசாம ஏறு."

"நசிக்காம நான் ஏற மாட்டன்."

படகுக்காரர் என்னவென்று கேட்கிறார். அத்தான் கூச்சத்தோடு ஆங்கிலத்தில் விளக்குகிறார். அந்த மனிதர் சிரிக்கவில்லை. கரையில் நிற்கும் ட்ரெயிலரைக் காட்டி ஏதோ சொல்கிறார்.

"அதுக்குச் சில்லு இருக்காம். படகை அதில ஏத்தி நசிச்சுத் தாறாராம். தனிக் காசாம்."

"குடுங்கோ அத்தான், பிறகு தாறன்."

படகு மெதுவாகக் கரையேறுகிறது. தேசிக்காய்கள் நசிகின்றன. அக்கா கைகூப்புகிறாள். படகு மறுபடி ஆற்றில் இறங்கியதும் முதல் ஆளாக ஏறி உட்காருகிறேன். படகுக்காரர் தன் மணிக்கூட்டைக் காட்டுகிறார். எங்கள் ஒரு மணி நேரம் முடிந்துவிட்டதாம். இறங்குகிறோம்.

அத்தானுக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நாற்பது டொலர்.