ஆற்றோரத்துப் பொட்டலம்

என் பக்கத்து வீட்டுச் சந்தலாவிடம் தேதி கேட்டால் தெரியாது. திருவிழாக் கணக்கில்தான் அவளுக்கு வருஷம் ஓடும். புத்தாண்டில் புத்தருக்கு வாசனைத் தண்ணீர் ஊற்றுவாள். மழைக்கால நோன்பு தொடங்கினால் விகாரைக்கு மெழுகுவர்த்தி சுமப்பாள். நோன்பு முடியும் பௌர்ணமியில் வாழைத்தண்டுப் படகில் விளக்கேற்றி மேகாங் ஆற்றில் விடுவாள். எல்லாமே இரண்டிரண்டு. ஒன்று அவளுக்கு, மற்றது புருஷன் தோங்டமுக்கு.

தோங்டம் ஒன்பது வருஷத்துக்கு முன் வெள்ளத்தில் வலையை எடுக்கப் போனவன். படகு கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

நோன்புக்கு நடுவே ஓர் அமாவாசை வரும். அன்று விடியுமுன் செத்தவர்கள் பசியோடு வருவார்கள். ஒட்டரிசிச் சோறு, மீன், வெற்றிலை எல்லாம் வாழையிலையில் கட்டி விகாரையின் மதிலோரம் தரையில் வைப்போம். சந்தலா அப்பா அம்மாவுக்கு வைப்பாள். தோங்டமுக்கு மட்டும் வைக்கமாட்டாள். வைத்தால் அவன் செத்துவிட்டான் என்று அவளே சொன்னதாகிவிடும்.

தோங்டமின் அக்கா செங்பெத்துக்கு அதுதான் ஆத்திரம். பெண்டாட்டி வைக்காமல் தான் வைப்பதில்லை என்று அவளுக்கு ஒரு வீம்பு. எனக்கு அந்தப் பொம்பளையின் வாயைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

போன அமாவாசையன்று பனி ஆற்றிலிருந்து ஏறி வந்து மதிலைப் பாதி விழுங்கியிருந்தது. புல்லெல்லாம் மெழுகுவர்த்திகள். அதற்குள் நடந்தபோது நான்தான் செத்து வந்திருக்கிறேனோ என்று ஒரு கணம் தோன்றியது.

"ஊருக்கெல்லாம் சோறு போடுற. என் தம்பி பட்டினியா நிக்கிறான்டி!" செங்பெத் ஆரம்பித்துவிட்டாள்.

சந்தலா கடைசிப் பொட்டலத்தோடு ஆற்றுப் படிக்கு இறங்கினாள். வருஷாவருஷம் அங்கே ஒன்று வைப்பாள். நாதியற்ற ஆவிகளுக்கு என்பாள். செங்பெத் விடாமல் பின்னாலேயே போய் அதைப் பிடுங்கிப் பிரித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மிளகாயில்லாத மீன். பொரித்த ஆற்றுப்பாசி, எள்ளு தூக்கலாக. வயிற்றுப்புண்காரன் தோங்டமின் சாப்பாடு அது, எங்கள் தெருவுக்கே தெரியும்.

செங்பெத் சந்தலா பக்கம் திரும்பினாள்.

"எத்தனை வருஷமாடி?"

"முதல் வருஷத்துலேர்ந்தே. உசிரோட இருந்தா யாராவது அநாதை சாப்பிடட்டும். இல்லேன்னா..."

செங்பெத் இலையை மெதுவாக மடித்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்து உள்ளே செருகினாள்.

"அக்கா, அவருதான் அதை விட்டுட்டாரே!"

"உன்கிட்ட அப்படிச் சொன்னானா? தினம் சாயங்காலம் என் அடுப்படியில வந்து ஊதிட்டுப் போவான்."

சந்தலா, "அட பொய்க்காரா! சத்தியம் பண்ணினியேய்யா!" என்று ஆற்றைப் பார்த்துக் கத்தினாள். சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே அழுகையானது. செங்பெத் அவளைக் கட்டிக்கொண்டாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

பதினைந்து நாள் கழித்து, செத்தவர் பெயரைச் சீட்டில் எழுதி விகாரைக்குக் கூடை கொடுக்கும் பௌர்ணமி வந்தது. என் கையெழுத்து நன்றாயிருக்கும் என்று சந்தலா சீட்டோடு வந்தாள்.

"யார் பேரு எழுதணும்?" தெரிந்தே கேட்டேன்.

"தோங்டம்னு எழுது" என்றாள். கூடையில் மிளகாயில்லாத மீனுக்குப் பக்கத்தில் ஒரு முழு சிகரெட் பெட்டி இருந்தது.