சோணைமுத்துவின் முதற் பதிப்பு

பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் எடை போடுகிறவன் சோணைமுத்து. ஓய்வு கிடைத்தால் பழைய புத்தகக் கடையில்தான் கிடப்பான். எழுத்தாளர் கையெழுத்துப் போட்ட முதற் பதிப்பு என்றால் உயிர். என்னைப் போலவே பைத்தியம், ஆனால் என்னைப் போல வாய் கிடையாது.

வில்லாபுரத்தில் என் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் கூடுவோம். எது முதல் அச்சு, எது மறு அச்சு என்று தீர்ப்புச் சொல்கிற நாட்டாமை நான். ஒருநாள் சோணைமுத்து மஞ்சள் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்தான். அவன் அப்பா கருப்பு, சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர். ஐம்பது வருஷத்துக்கு முன்பு, நாவல் வெளிவந்த புதிதில், அங்கே பேச வந்த எழுத்தாளர் அவருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதி அது.

"முதல்ல அடிச்சதுல ஒண்ணுன்னு அவரே சொல்லிக் குடுத்தாராம், ஹரிராம்ணே. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனா வீட்டுக்கு யாரு வந்தாலும் இதைக் காட்டாம விடமாட்டாரு."

என்னிடமும் அதே நாவல் இருந்தது. இரண்டிலும் முதற் பதிப்பு என்றுதான் போட்டிருந்தது. என் பிரதியில் 96ஆம் பக்கத்துக்கு 69 என்று தப்பாக எண் விழுந்திருந்தது. அவனுடையதில் சரியாக இருந்தது. தப்பைப் பிறகுதானே திருத்துவார்கள்?

"இது மறு அச்சுப்பா. உங்கப்பாவை அந்த மனுசன் நல்லா ஏமாத்திருக்காரு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

இரண்டு வருஷம் கழித்து, அந்த நாவலை வெளியிட்ட பதிப்பாளர் வீட்டிலிருந்த பழைய கடிதக் கட்டு பார்க்கக் கிடைத்தது. முதல் ஐந்நூறு பிரதியும் மளமளவென்று விற்றுப்போக, வேறோர் அச்சகத்தில் அவசரமாகப் புதிதாய் எழுத்துக் கோத்து, 'முதற் பதிப்பு' என்பதை மாற்றாமலே அடித்திருக்கிறார்கள். 69 என்ற பிழை அங்கேதான் நுழைந்தது. அதற்காக எழுத்தாளர் திட்டி எழுதிய கடிதமும் இருந்தது. அவனுடையதுதான் முதல் அச்சு, என்னுடையது மறு அச்சு.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாட்டாமைப் பட்டம் போய்விடுமே என்று இன்றைக்கு நாளைக்கு என ஏழு மாதம் கடத்தினேன். போன வாரம்தான் பரவைக்குப் போனேன். சொல்லி முடித்ததும் சோணைமுத்து மூட்டையை இறக்கி வைத்தான்.

"அப்பா இருந்திருந்தா அம்புட்டு சந்தோசப்பட்டிருப்பாருண்ணே. போன மாசந்தான் தவறிட்டாரு."

"நான் சொன்னதை அவர்ட்ட சொல்லிட்டியா? அப்புறமும் எல்லாருக்கும் காட்டிக்கிட்டுத்தானே இருந்தாரு?" என்றேன்.

"சொன்னேண்ணே. படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பெட்டிக்குள்ள வச்சுட்டாரு. அப்புறம் யாருக்கும் காட்டல."