பின்பக்கம் வெள்ளையான நோட்டு

பெரம்பலூரில் பதினைந்து வருடமாக ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். லேமினேஷனில் என் கை தவறாது என்ற நினைப்பு எனக்கு உண்டு.

லப்பைக்குடிக்காடு பாய் ஒருவர், தன் தந்தை பர்மாவிலிருந்து கொண்டுவந்த இரண்டு யுத்தகால ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தார். அங்கிருந்த இந்திய விடுதலைப் படையினருக்காக அச்சடித்தும் புழக்கத்துக்கு வராதவை. முன்பக்கம் இந்திய வரைபடம், பின்பக்கம் வெறும் வெள்ளை, நம்பரும் இல்லை.

“நூறு வருஷம் தாங்கும் பாய்” என்று ஒன்றை மெஷினில் விட்டேன். மக்கிய காகிதம் உள்ளே மடிந்து, வரைபடத்தின் குறுக்கே நிரந்தரமாகச் சுருக்கம் விழுந்துவிட்டது.

பாய் கோபிக்கவில்லை. மற்றதைப் பையில் வைத்தபடி, “நல்லவேளை, அத்தா ரெண்டா வச்சிருந்தாங்க” என்றார்.

இப்போது யார் எதை நீட்டினாலும், “இது போனா இன்னொண்ணு கிடைக்குங்களா?” என்று கேட்ட பிறகே சுவிட்சைத் தொடுகிறேன்.