தீதி கொண்டுவந்த தூக்குச்சட்டி

கீழ்வீட்டுப் பெண் ஒரு தட்டில் லுச்சி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். லுச்சி என்றால் நம்ம பூரிதான், மைதாவில் வெள்ளை வெளேரென்று. தங்கமான பெண். ஆனால் நான் இன்னும் தொடவில்லை. மோந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். அந்த வாசனை என்னைச் சிடியாகானாவில் கொண்டுபோய் விட்டுவிட்டது. மிருகக்காட்சிச் சாலையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

அப்போது நான் கல்கத்தாவுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவுகளுக்கு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு வேலை. நாங்கள் திருநெல்வேலிச் சைவம். ரயிலேற்ற வந்த என் மாமியார், "ஏளா, அந்த ஊர்ல குடிதண்ணியிலகூட மீன் கெடக்கும், பாத்துக் குடி" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அதனால் சந்தேகப்படாமல் நான் எதையும் வாயில் வைத்ததில்லை. எழுத்துதான் எனக்கு அரைகுறை, மூக்கு முழுசு.

பக்கத்து வீட்டுச் சரோஜா தீதி ஒருத்திதான் பேச்சுத்துணை. தீதி என்றால் அக்கா. என்னை "மாத்ராஜி பௌ" என்பாள், மதராஸ் மருமகளாம். திருநெல்வேலி எங்கே, மதராஸ் எங்கே! குளிர்காலத்தில் ஒருநாள், புலி பார்க்கப் போகலாம் என்றாள். "சாப்பாடு நான் கொண்டு வரேன். நீ ஏதாவது கட்டிட்டு வந்தே, அப்புறம் எங்கூடப் பேசாதே."

அவளை விட்டால் எனக்கு அந்த ஊரில் யார்? சரி என்றேன். மடியில் மட்டும் ஒரு பிடி அவல் முடிந்துகொண்டேன்.

ஜன்னல் சாத்திய குதிரைவண்டி. ஏறியதுமே மீன் வாடை. தூக்குச்சட்டியைப் பார்த்தேன்.

"தீதி, என்ன எண்ணெய்?"

"நெய்."

"யாரு சமைச்சது?"

சிரித்துக்கொண்டே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒளிக்கிறவளை எப்படி நம்ப? புலியையும் பார்த்தேன், காண்டாமிருகத்தையும் பார்த்தேன். மனசு சட்டியை விட்டு நகரவில்லை.

குளத்தங்கரை மரநிழலில் இலை போட்டாள். லுச்சி, கடலைப்பருப்பு. பருப்புக்குள் பொரித்த துண்டாக, வெள்ளையாக என்னவோ.

"இது என்ன?"

"தேங்கா."

"பருப்புல தேங்காயப் பொரிச்சா போடுவாக? எங்க ஊர்ல அரைச்சுல்லா ஊத்துவோம்."

"நான் முதல்ல தின்னு காட்டட்டுமா?"

"நீ தின்னா என்ன தெரியும்? நீ மீனும்தானே திம்பே!"

தீதி இலையைத் தள்ளிவிட்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர். "பிஷிமா அடுப்புல ஆனது. போதுமா?"

பிஷிமா, அவள் புருஷனுடைய அத்தை, புருஷனை இழந்தவள். அவர்களில் அப்படிப்பட்டவளுக்குத் தனி அடுப்பு. மீன், வெங்காயம் அந்தப் பக்கமே போகாது. அந்த அடுப்புச் சாப்பாடு என்று சுமங்கலியிடம் சொன்னால் அபசகுனம் என்று காலையிலிருந்து மறைத்திருக்கிறாள்.

"அப்போ வண்டியில மீன் வாடை?"

"அது என் கை. சுமங்கலி மீன் தொடாம இருந்தா புருஷனுக்கு ஆகாது. விடியக்காலம் ஒரு துண்டு தின்னுட்டு, உனக்காக மறுபடி தலை முழுகிட்டு வந்தேன். இன்னுமா போகலை?"

போகவில்லைதான். என் மூக்கு பொய் சொல்லவில்லை; அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு. ஒரு தேங்காய்த்துண்டை எடுத்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டேன்.

"ம், தேங்காதான்."

முதுகில் பலமாக ஒன்று வைத்தாள். திரும்பும்போது அவலைக் குரங்குக் கூண்டில், அவள் பார்க்காமல் போட்டேன்.

தீதியும் போய்விட்டாள், பிஷிமாவும் போய்விட்டாள். இப்போது நான் இருக்கும் பாலிகஞ்ச் பக்கத்து மாடிவீடுகளில் எல்லாவற்றுக்கும் ஒரே அடுப்பு. கீழ்வீட்டுப் பெண்ணின் அம்மாவும் புருஷன் இல்லாதவள்தான்; மகளோடு ஒரே மேசையில் மீன் சாப்பிடுகிறாள். சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் இந்த லுச்சி எந்த எண்ணெயில் பொரிந்தது? கேட்டால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவாள். கேட்டுவிட்டேனே என்று இலையைத் தள்ளிவிட்டு அழ, எனக்கு இந்த ஊரில் ஒருத்தியும் இல்லை.